புல்லுக்கு அளவு எடுப்பது எப்படி?

பூங்கா வேலையோ சாலை நடுத்திட்டு வேலையோ ஏரிக்கரை வேலையோ, முடிந்ததும் ஒருநாள் அளவு எடுக்க வருவார்கள். டேப் பிடிக்க இரண்டு பேர், எழுத ஒருவர், பக்கத்தில் நின்று தலையாட்ட ஒருவர். கான்கிரீட் கன மீட்டரில் புத்தகத்தில் ஏறும். கம்பி கிலோவில் ஏறும். நடைபாதைக் கல் சதுர மீட்டர். புல்லும் சதுர மீட்டர்தான். அன்றைக்குக் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிற பரப்பு எவ்வளவோ அவ்வளவுக்குப் பில். மறுவாரம் அந்தப் புல் காய்ந்துபோனால் அது வேறு செலவுத் தலைப்பு, வேறு டென்டர்.

இப்படிப்பட்ட வேலைகளுக்கு மதிப்பீடு தயாரித்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. புல்லைக்கொண்டு நகரத்து வெள்ளத்தை மட்டுப்படுத்தலாம், கரையைக் காக்கலாம், கழிவுநீரைத் தெளியவைக்கலாம் என்று இப்போது எல்லாக் கூட்டங்களிலும் பேசுகிறார்கள். பசுமை உள்கட்டமைப்பு என்று பெயரும் வைத்தாயிற்று. பேசுவதில் பெரும்பகுதி உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்து அலுவலகத்துக்கு வந்து மதிப்பீட்டுத் தாளை விரித்தால், புல் மறுபடியும் சதுர மீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. வேலை செய்கிற பாகம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. நாம் மேலிருந்து அளந்துகொண்டிருக்கிறோம். என் புகார் மொத்தமும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

சென்னையில் எந்த நர்சரிக்குப் போய்ப் புல் வேண்டும் என்று கேட்டாலும் கொரியன் புல்லா, மெக்சிகன் புல்லா என்று கேட்பார்கள். இரண்டும் துண்டு துண்டாக, அடியில் இரண்டு விரல் கனம் மண்ணோடு லாரியில் வந்து இறங்கும். செம்மண் பரப்பி, மட்டம் பார்த்து, ஒட்டி ஒட்டி வைத்தால் சாயங்காலத்துக்குள் பச்சை. அளவு எடுப்பவர்களுக்கு இதைவிட வசதியான புல் கிடையாது. சித்திரை வெயிலில் தினமும் தண்ணீர் காட்டாவிட்டால் பழுக்க ஆரம்பிக்கும் என்பது அளவுப் புத்தகத்துக்குத் தேவையில்லாத செய்தி. லாரித் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற நகரம், லாரித் தண்ணீர் வாங்கி நடுத்திட்டுப் புல்லுக்கும் ஊற்றுகிறது.

அதே நடுத்திட்டின் ஓரத்தில், கான்கிரீட் விளிம்பு வெடித்த இடத்தில், யாரும் நடாமல் அருகம்புல் முளைத்திருக்கும். களை என்று அதைக் கொத்தி எடுக்க ஆள் உண்டு, கூலியும் உண்டு. கல்யாண வீட்டில் ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி வாழுங்கள் என்று வாழ்த்துகிறோம். வாசலில் முளைத்தால் பிடுங்குகிறோம். இந்த அருகைத்தான் உலகம் பெர்முடா புல் என்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்ற ஊரில் இதை ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றோடு கலந்து உருவாக்கிய டிஃப்வே என்ற ரகம் 1960 முதல் கோல்ஃப் திடல்களிலும் கால்பந்து மைதானங்களிலும் பரவியிருக்கிறது. இன்று பெர்முடா புல் விதை என்று பாக்கெட்டில் வருவதை நம் ஊரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கிப்போய் விதைப்பதற்காக முதலில் தரையில் இருக்கும் அருகைக் கொத்தி எடுக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அருகு தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். மேலே ஓடும் தண்டு ஒன்று, மண்ணுக்குள் ஓடும் தண்டு ஒன்று. மிதித்தாலும் மேய்ந்தாலும் காய்ந்தாலும் ஒரு மழைக்குத் திரும்பி வரும். சரிவான இடத்தில் மேல்மண்ணை வலைபோட்டுப் பிடித்துவைக்க இதைவிட மலிவான ஆள் இல்லை. ஆனால் ஆழமாகப் பிடிக்க வேண்டுமென்றால் அருகு போதாது. அதற்கு வேறு புல் இருக்கிறது.

வெட்டிவேர் என்றதும் நமக்கு நாட்டு மருந்துக் கடையும், கோடையில் பானைத் தண்ணீரில் போட்ட மணமும், சாமிக்குப் போட்ட மாலையும்தான் நினைவுக்கு வரும். வேரை மட்டுமே பார்த்துப் பழகியதால் அதன் மேலே ஒரு புல் நிற்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. ஆள் உயரத்துக்கும் மேலே வளரும் தூர்ப்புல் அது. பக்கவாட்டில் படராது. தென்னிந்திய வகை விதையால் பரவுவதும் இல்லை. வைத்த இடத்திலேயே நிற்கும். வேர் மட்டும் நேராகக் கீழே போகும். மண் இடம் கொடுத்தால் முதல் வருடத்திலேயே மூன்று மீட்டர் போவதுண்டு. வேரின் இழுவலிமையைச் சோதித்துப் பார்த்தவர்கள் சராசரியாக 75 மெகாபாஸ்கல் என்று கணக்குச் சொல்கிறார்கள். சாதாரண எஃகின் வலிமையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. நூல் கனத்தில் இருக்கிற வேருக்கு இது.

பெங்களூருக்குத் தெற்கே, ஊட்டி போகிற வழியில் குண்டலுப்பேட்டை இருக்கிறது. அந்தப் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வயல் எல்லையில் வெட்டிவேரை வரிசையாக நட்டுவந்திருக்கிறார்கள். எல்லைக்கல்லை நகர்த்தலாம், வெட்டிவேர் வரிசையை நகர்த்த முடியாது என்பது ஒரு காரணம். மண் ஓடாமல் நிற்கும் என்பது இன்னொன்று. 1980-களில் உலக வங்கிக்காக இந்தியாவில் வேலை செய்த ரிச்சர்ட் கிரிம்ஷாவும் ஜான் கிரீன்ஃபீல்டும் இந்தப் புல்லை மண்ணரிப்புக்கு மருந்தாக ஊர் ஊராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கிரீன்ஃபீல்டு அதற்கு முன்பே, 1950-களில், ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் இதைப் பயன்படுத்திப் பார்த்தவர். தாய்லாந்து மன்னர் பூமிபோல் 1991 வாக்கில் இதைக் கையில் எடுத்தார்; அந்த நாடு ஆராய்ச்சி மையம், நாற்றுப் பண்ணை, சாலைத் துறை விதிமுறை என்று முழுமூச்சாக இறங்கியது. வியட்நாமில் ஹோ சி மின் நெடுஞ்சாலைக்காக வெட்டிய மலைச்சரிவுகளில் 2003 முதல் பெருமளவில் நட்டார்கள். அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு 1993-ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டது. நம் மண்ணின் புல்லுக்கு இத்தனை ஊர்களில் மரியாதை. இங்கே என் மதிப்பீட்டுத் தாளில் அதற்கு ஒரு தனி வரி வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சென்னைக்குத் தெற்கே ஒரு சிறிய ஏரி. பெயர் வேண்டாம். தூர்வாரி, கரையை உயர்த்தி, உட்பக்கம் அலைகற்கள் பதித்தாயிற்று. வெளிச்சரிவு வெறும் மண். ஒரு மழைக்கே விரல் விரலாக ஓடைகள் விழுந்துவிட்டன. அங்கே வெட்டிவேர் வரிசை போடலாம் என்று முடிவானது. நாற்று தயார் செய்ய வந்தவர்களில் கடலூர் மாவட்டத்துக் கடலோர ஊரைச் சேர்ந்த ஓர் அம்மா இருந்தார். அந்தப் பக்கத்து மணல் நிலங்களில் வேருக்காகவே வெட்டிவேர் பயிரிடுகிறார்கள். அவர் வேலை செய்ததைப் பார்த்துத்தான் நான் எழுதிவைத்திருந்த குறிப்புகளுக்கெல்லாம் அர்த்தம் புரிந்தது.

பெரிய தூரைக் காலுக்கடியில் போட்டு, அரிவாளின் முனையால் இரண்டாக, நான்காக, பிறகு கையாலேயே பிரிக்கிறார். இரண்டு மூன்று தண்டு சேர்ந்து நிற்கும் துண்டு ஒரு நாற்று. ஒற்றைத் தண்டாகப் பிரிந்ததை ஓரமாகப் போடுகிறார். இது நிற்காது சார் என்கிறார். தோகையை ஒரு சாண் விட்டு வெட்டுகிறார். வேரை நான்கு விரல் அளவுக்கு நறுக்குகிறார். இவ்வளவு அருமையான வேரை நறுக்குகிறீர்களே என்றால், பழைய வேர் உட்கார்ந்து சாப்பிடும், புது வேர்தான் உழைக்கும் என்கிறார். சாணமும் செம்மண்ணும் கரைத்த குழம்பில் அடிப்பகுதியை முக்கி எடுத்து, நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி வைக்கிறார். வெள்ளை வேர்முனை எட்டிப்பார்த்ததும் நடவு. கடப்பாரை முனையால் ஒரு குழி, ஒரு நாற்று, குதிகாலால் ஒரு மிதி. கயிறு பிடித்த கோட்டில், பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று. இடைவெளி கூடினால் அந்தச் சந்தில் தண்ணீர் புகுந்து ஓடையாகிவிடும், வரிசை முழுக்கவும் வீண்.

வேலை முடிகிற நேரத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னார். “நாங்கள் பிடுங்குவதற்காக நடுகிறோம் சார். நீங்கள் பிடுங்காமல் இருப்பதற்காக நடுகிறீர்கள். காவல் போடுங்கள்.”

அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. வேருக்கு விலை இருக்கிற வரை வேருக்கு ஆபத்தும் இருக்கிறது. வாசனை எண்ணெய்க்காக வெட்டிவேர் பயிரிடும் ஹெய்ட்டி நாட்டில், மலைச்சரிவுகளிலிருந்து வேரைத் தோண்டியெடுத்து அந்தச் சரிவுகளே அரித்துப்போன கதை உண்டு. மண்ணைக் காக்கும் புல்லே மண்ணைக் கெடுக்கிற புல்லாகவும் ஆகலாம். எல்லாம் மண்வெட்டி யார் கையில் என்பதைப் பொறுத்தது. கடலூர் மணலில் அறுவடைக்குப் பிறகு மறுபடி நடுவார்கள். ஏரிக்கரையில் யார் நடுவார்கள்?

நட்ட வரிசை முதல் இரண்டு மாதம் பார்க்கச் சகிக்காது. சாண் உயரத்துக்குக் குச்சி குச்சியாக, பாதி மஞ்சளாக. காலை நடைக்கு வந்த பெரியவர் ஒருவர், என்ன தம்பி, செத்த கோரையை நட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்கிடையில் அளவு எடுக்கிற நாளும் வந்தது. இங்கேதான் வேடிக்கை. ஒரு வரிசையின் அகலம் ஒரு கையகலம், சரியாகச் சொன்னால் 15 சென்டிமீட்டர். 100 மீட்டர் நீள வரிசைக்கு 15 சதுர மீட்டர். அதற்குள் 1,000 நாற்று இருக்கிறது. கொரியன் புல் விலையில் 15 சதுர மீட்டருக்குப் பில் போட்டால் குழி போட்ட கூலிகூட வராது. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் இருக்கிற வெறும் மண்ணையும் சேர்த்து அளக்கலாமா என்றால், அங்கே பச்சை இல்லையே என்கிறார்கள். அந்த வெறும் மண்ணைக் காப்பாற்றத்தானே வரிசை போட்டிருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். புத்தகத்தில் அதற்குப் பத்தி இல்லை.

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். வரிசைக்கு மேல்புறம் உள்ளங்கை கனத்துக்கு நைசான வண்டல் படிந்திருந்தது. அதில் டீக்கடைக் காகிதக் கோப்பைகள், வேப்பங்கொட்டைகள், ஒரு ஒற்றைச் செருப்பு. தண்ணீர் இறங்கும்போது தண்டுகளின் நெருக்கத்தில் வேகம் குறைந்து, சுமந்துவந்ததையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு, தெளிந்து கீழே போயிருக்கிறது. வண்டல் மூட மூட வெட்டிவேர் தன் கணுவிலிருந்து புதிய வேர்விட்டு மேலேறும். சில வருடத்தில் சரிவு படிப்படியாக மாறும். ஓரத்தில் ஒரு தூரைத் தோண்டிப் பார்த்தோம். வெளிர்மஞ்சள் வேர்கள் ஒன்றோடொன்று பின்னாமல் மழைத்தாரை போல நேர்கீழாக இறங்கியிருந்தன. மண்கட்டியை உதறினால் உதிரவில்லை. கையில் அன்று முழுக்க வாசனை.

எல்லாம் வெட்டிவேரால் முடியும் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒவ்வாமை உண்டு. நிழலில் அது நிற்காது. தூங்குமூஞ்சி மரத்தடியில் நட்டால் இரண்டு பருவத்தில் நலிந்துவிடும். மேலே இரண்டு மூன்று மீட்டர் மண்ணை அது தைத்துப் பிடிக்கும். அதற்குக் கீழே ஆழத்தில் மலையே வழுக்கினால் புல்லும் சேர்ந்து வழுக்கும். கரைக்குள் எலி வளையோ பழைய குழாயோ இருந்து அதன் வழியே நீர் கசிந்தால் வேர் என்ன செய்யும்? வருடத்துக்கு ஒருமுறையாவது முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடாவிட்டால் உள்ளே காய்ந்து, ஒரு பீடித் துண்டுக்குப் பற்றிக்கொள்ளும். பற்றினாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடும் என்பது வேறு விஷயம். பக்கத்தில் குடிசை இருந்தால் அந்த ஆறுதல் உதவாது.

புல்லைப் பொறியியல் பொருளாகவே நடத்துகிற ஊர் ஒன்று உண்டென்றால் அது நெதர்லாந்து. நாட்டின் கால்பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே. கடலையும் ஆறுகளையும் தடுத்து நிற்கும் மண்கரைகளில் மிகப் பெரும் நீளத்துக்குப் போர்வையாக இருப்பது புல்தான். செம்மறி ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். 2007-ல் அங்கே ஒரு இயந்திரம் செய்தார்கள். பெரிய தண்ணீர்த்தொட்டி. அதைக் கரையின் உச்சியில் நிறுத்தி, புயலில் அலை கரையைத் தாண்டி உட்சரிவில் விழுவதைப்போல மணிக்கணக்கில் தண்ணீரைக் கொட்டிச் சோதித்தார்கள். நல்ல புல் மூடிய சரிவு, ஒரு மீட்டர் நீளத்துக்கு வினாடிக்குச் சராசரி 30 லிட்டர் தாண்டி விழுந்தபோதும் பெரும்பாலும் அசையவில்லை. உடைப்பு தொடங்கியது எங்கே தெரியுமா? படிக்கட்டு, கம்பம், சாலை விளிம்பு என்று புல்லும் வேறொன்றும் சந்திக்கிற இடங்களில். நம் ஏரிக்கரையில் பெஞ்சும் விளக்குக் கம்பமும் சிலையும் வைக்கத் துடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதைவிட என்னை உலுக்கியது அவர்களுடைய உர விஷயம். உரம் போட்டு வளர்த்த புல் மேலே செழிப்பாக இருக்கும். தேடிப்போக வேண்டிய அவசியம் இல்லாததால் வேர் அடர்த்தி குறைவாக இருக்கும். உரமில்லாமல், பலவகைப் புற்களும் பூண்டுகளும் கலந்து, வருடத்துக்கு ஓரிருமுறை வெட்டி அள்ளிச்செல்லும் கரையில்தான் வேர்ப்பின்னல் வலுவாக இருக்கிறது. பார்வைக்கு அது சொட்டை சொட்டையாக, காட்டுத்தனமாகத் தெரியும். அதனால் அவர்கள் பச்சையைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. மண்ணை உருளையாகத் தோண்டி எடுத்து, அடுக்கடுக்காக வேர்களை எண்ணுகிறார்கள். இதைப் படித்த அன்று நம்முடைய டேப்பை நினைத்துச் சிரித்தேன். நம் ஒப்பந்தத்தில் புல் பச்சையாக இருக்க யூரியா தெளிக்க வேண்டும் என்று தனி வரியே இருக்கிறது.

இனி மழைநீர். தெருவில் விழுகிற மழை கான்கிரீட் வடிகாலுக்குள் ஓடி, கூவத்திலோ அடையாற்றிலோ பக்கிங்காம் கால்வாயிலோ விழுந்து கடலுக்குப் போகவேண்டும் என்பது நாம் கட்டிவைத்திருக்கிற ஏற்பாடு. வழியில் பள்ளமான ஒரு புல்பட்டை வைத்து, தெருவோரக் கல்லில் இடைவெளி விட்டு, தண்ணீரை முதலில் அதற்குள் திருப்பினால் மூன்று காரியம் நடக்கும். வேகம் குறையும். தெருவின் எண்ணெய்ப் பிசுக்கும் டயர்த்தூளும் மண்ணும் படியும். மிச்சம் இருந்தால் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கதை அளக்கிறார்கள். அது ஊர் மண்ணைப் பொறுத்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் ஊற்றினால் உறிஞ்சும். வேளச்சேரி, பள்ளிக்கரணைக் களிமண்ணில் உறிஞ்சாது; அங்கே புல்லின் வேலை வடிகட்டுவதும் நிதானப்படுத்துவதும் மட்டுமே. ஒரே வரைபடத்தை இரண்டு இடத்துக்கும் போட்டால் ஒன்றில் பூங்கா கிடைக்கும், மற்றதில் கொசுப்பண்ணை.

தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. நல்ல சட்டம். அப்போது போட்ட குழிகளில் நான் திறந்து பார்த்தவற்றில் பல, வண்டல் அடைத்துச் செத்துப்போனவை. குழிக்கு முன்னால் இரண்டு மீட்டர் அருகம்புல் பட்டை இருந்திருந்தால் மண் அங்கேயே நின்றிருக்கும். மொட்டைமாடித் தண்ணீரைக் குழாயில் நேராகக் குழிக்குள் விடுவது சரி. முற்றத்துத் தண்ணீரை அப்படி விடக்கூடாது. அதைப் புல்லில் நடக்கவிட்டுத்தான் குழிக்கு அனுப்ப வேண்டும். செலவு என்று பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத செலவுக்கு யாரும் டென்டர் விடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

புல் எவ்வளவு குடிக்கும் என்பதில் பேராசையும் கூடாது. சீனாவின் செங்சோ நகரம், மழைநீரை நகரமே பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளட்டும் என்கிற பஞ்சு நகரத் திட்டத்துக்குப் பெரும் பணம் கொட்டிய ஊர். 2021 ஜூலை 20 அன்று அங்கே ஒரே மணிநேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து மக்கள் இறந்தார்கள். உடனே, பஞ்சு பொய் என்று எழுதினார்கள். அந்த மழைக்குக் கான்கிரீட்டும்தான் பொய்த்தது, அதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதவில்லை. புல்பட்டை பயன்படுவது வருடம் முழுக்கப் பெய்கிற சாதாரண மழைக்கும், பெருமழையின் முதல் பங்குக்கும். 2015 டிசம்பர் போன்ற ஒரு நாளுக்கு ஆற்றுக்கு இடம் விடவேண்டும். வெள்ளம் பரவுகிற நிலத்தில் வீடு கட்டாமல் இருக்க வேண்டும். அந்தப் பாவத்தைப் புல்லின் தலையில் கட்டமுடியாது.

கோரையும் சம்பும் நமக்கு இளக்காரம். ஏரியில் அவை நின்றால் ஏரி கெட்டுவிட்டது என்று அர்த்தம் செய்துகொண்டு, பொக்லைன் வைத்து வழித்தெடுத்துவிட்டு, சுத்தமான ஏரி என்று படம் போடுகிறோம். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் பறவை தங்குவது அந்தக் கோரைக்குள்தான். ஷாங்காயில் ஹுவாங்பு ஆற்றங்கரையில் பழைய தொழிற்சாலை நிலத்தில் 2010-ல் ஹௌதான் பூங்கா அமைத்தார்கள். 14 ஹெக்டேர். 1.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நாணலும் நீர்ச்செடிகளும் நிறைந்த ஈரநிலம். அழுக்கு ஆற்றுநீர் அதன் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் தெளிந்து வரும், நாளைக்கு 2,400 கன மீட்டர். ஹைதராபாதின் நெக்னாம்பூர் ஏரியில் 2018-ல் மிதக்கும் தீவு ஒன்றில் வெட்டிவேரும் சம்பும் கல்வாழையும் நட்டு நீரில் விட்டார்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் டூகூலாவா என்ற சிற்றூரில் கழிவுநீர் நிலையத்தின் வெளியேறும் நீரை வெட்டிவேர் வரிசைகளுக்குக் கொடுத்துச் செலவழித்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் படத்தில் தெரியாத ஒரு வேலை இருக்கிறது: அறுப்பது. கோரை, நீரிலிருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுத்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. அறுத்து வெளியே கொண்டுபோனால்தான் கணக்கு முடியும். விட்டுவைத்தால் வாடி, அழுகி, வாங்கியதில் பெரும்பங்கை நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஒருகாலத்தில் இதைக் கூரைக்கும் பாய்க்கும் மாட்டுக்கும் என்று ஊர்க்காரர்களே வந்து அறுத்துப் போனார்கள். பராமரிப்பு என்று தனியாகப் பெயர் வைக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. இப்போது அறுப்பவருக்குக் கூலி கொடுக்கவேண்டும். கொடுப்பதற்குத் தலைப்பு இல்லை.

கடற்கரையை விட்டுவிட்டுப் போக மனமில்லை. இராவணன் மீசை என்று ஒரு புல். பெயர் வைத்தவருக்குக் கும்பிடு போடவேண்டும். இலை ஒவ்வொன்றும் ஊசி, வெறுங்காலில் மிதித்தவர் மறக்கமாட்டார். ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. பெண்செடியின் கதிர் பந்து பந்தாக முற்றி, உதிர்ந்து, காற்றில் மணல்மேல் உருண்டுகொண்டே போகும். சிறுவயதில் அதை விரட்டிப் பிடித்தவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள். பறந்துவரும் மணலை நிறுத்தி மேடாக்குவது இந்தப் புல்லும் அடும்பங்கொடியும்தான். மணல்மேடு இருந்தால் புயல் அலை முதலில் அதோடு மோதும். நியூசிலாந்தில் இதன் உறவுப் புல்லை ஊர்மக்கள் குழு சேர்ந்து கடற்கரையில் நட்டு மேடுகளை மீட்கிறார்கள். இங்கே கடற்கரையைச் சுத்தப்படுத்தும்போது பிளாஸ்டிக்கோடு சேர்த்து இதையும் வாரிவிடுகிறோம். அந்த இடத்தில் கொரியன் புல் போட்டு, உப்புக்காற்றில் அது கருகுவதை வேடிக்கை பார்க்கிறோம்.

சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்கள் பிஷான் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். அங்கே 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் காலாங் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். கரையைப் பிடிப்பது புல்லும் செடியும் கல்லும். எனக்கு அதில் பிடித்தது ஆறு அல்ல. ஆற்றைத் தொடுவதற்கு முன்பு, 2009-ல், பூங்காவின் ஒரு பக்கவாட்டு வடிகாலில் வெறும் 60 மீட்டரில் பத்துவிதமான முறைகளைப் போட்டு, மழையில் எது நிற்கிறது என்று மாதக்கணக்கில் பார்த்துவிட்டு இறங்கினார்கள். புல்லுக்கு ஒரு பருவம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்பதால் நடவு பிப்ரவரியில். அதற்குப் பிறகு பங்குனி, சித்திரை, கத்திரி.

இந்தமுறை இன்னொரு கரைக்கு மதிப்பீடு கேட்டபோது வேறுமாதிரி எழுதிப் பார்த்தேன். வெட்டிவேர் வரிசை, ஓடு மீட்டரில், அதாவது நீளத்துக்கு. வரிசைகளுக்கு நடுவே அருகு, சதுர மீட்டரில், உரமில்லாமல். நடவு ஆனி, ஆடியில். ஐப்பசிக்குள் வேர் பிடிக்க நேரம் வேண்டும். பில் மூன்று தவணை: நட்டதும் 40 சதவீதம், செத்த நாற்றுகளை மாற்றி வரிசையில் சந்து இல்லாமல் அடைத்ததும் 30, வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் சோதனை பார்த்து 30. சோதனை என்றால், ஒவ்வொரு 100 மீட்டரிலும் அதிகாரி கைகாட்டுகிற ஓர் இடத்தில் அரை மீட்டர் ஆழம் தோண்டவேண்டும். அங்கே வேர் இருந்தால் பணம். அடுத்த மூன்று வருடத்துக்கு வெட்டுக்கூலி தனி வரி.

கோப்பைப் படித்த அதிகாரி நல்ல மனிதர். நிறையக் கேட்டார். கடைசியில் ஒரு சந்தேகம்: “தோண்டிப் பார்த்தால் அந்தத் தூர் வீணாகுமே சார். தணிக்கைக்காரர்கள் கேட்டால் அந்த இழப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது?”

அதற்கும் ஒரு வரி சேர்த்திருந்தேன். பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். சோதனைக் குழிகளை நிரப்புவதற்கான மாற்று நாற்று, எண்ணிக்கையில். படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டார். கோப்பு இப்போது நிதிப் பிரிவில் இருக்கிறது. ஆனிக்குள் வந்துவிட்டால் கடலூர் அம்மாவுக்குப் போன் செய்யவேண்டும்.